அரசரடிச் சிறு கூட்டமா, சென்னைப் பெரிய மாநாடா?

கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான இரண்டு வகைக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். சென்னையில் நடந்த பெரிய மாநாட்டுக்குப் பதிப்பாளர்கள் வந்திருந்தார்கள். கையெழுத்துப் படி தயார் என்றால் அங்கே போவதுதான் சரி.

இன்னும் எழுதிப் பழகுகிறவருக்கு, மதுரை அரசரடிப் பக்கம் இருபது பேர் கூடும் கூட்டமே நல்லது. என் சிறுகதையை வாசித்து முடித்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, மூணாவது பத்தியிலயே கதை முடிஞ்சிருச்சு. அப்புறம் பிரசங்கம்தான் இருக்கு" என்றார். பெரிய அரங்கில் இதை யார் சொல்வார்கள்? சாப்பாட்டு நேரத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகக் காட்டினார். 1606-ல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி வந்து, தமிழ் கற்று, உரைநடை எழுதிய ஊர் இது. வேதாகம நடையை விட்டு வீட்டுத் தமிழில் எழுதலாமா என்ற பேச்சு சாயங்காலம் வரை ஓடியது.

செலவு? மாட்டுத்தாவணியிலிருந்து டவுன் பஸ் டிக்கெட்தான்.