ஃபிராஞ்சைஸ் டிராஃப்டுக்கு லாமன் பேஸ்பால் தரவு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

1871 முதலான அமெரிக்க மேஜர் லீக் புள்ளிவிவரங்களை இலவசமாக, மொத்தமாக இறக்கிக்கொள்ள லாமன் தரவுத்தளம்தான் கைக்கு அடக்கமானது. எல்லாம் சிஎஸ்வி கோப்புகள், அதாவது எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைகள். டிராஃப்டுக்கு, அதாவது பழைய வீரர்களை ஆளுக்கொருவராகப் பிரித்தெடுத்துக் கற்பனை அணி கட்டும் ஆட்டத்துக்கு, ஆறு போதும்: பீப்பிள், பேட்டிங், பிட்சிங், ஃபீல்டிங், அப்பியரன்சஸ், டீம்ஸ். தரவு நல்ல தரவு. சிக்கல் வருவது வேறு இடத்தில்: ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யாமல் ஷீட்டை நிரப்பத் தொடங்குகிறோம்.

ஒவ்வொருவரும் ஒரு ஃபிராஞ்சைஸை (ஊரும் பெயரும் மாறினாலும் தொடரும் ஒரே அணி நிறுவனம்) எடுத்து, அதன் வரலாறு முழுவதிலிருந்தும் வீரர்களைத் தேர்வு செய்யும் ஆட்டத்துக்கு, ஒரு வரி என்பது “ஒரு வீரர், ஒரு ஆண்டு, ஒரு ஃபிராஞ்சைஸ்”. பேட்டிங் கோப்பு அப்படி இல்லை. சீசன் நடுவில் அணி மாறியவருக்கு ‘ஸ்டின்ட்’ 1, 2 என்று இரண்டு வரிகள் இருக்கும். 1997இல் மார்க் மெக்குவயர் 58 ஹோம் ரன் அடித்தார். கோப்பில் ஓக்லாந்துக்கு 34, செயின்ட் லூயிஸுக்கு 24 என்று பிரிந்து கிடக்கும். ஃபிராஞ்சைஸ் டிராஃப்டுக்கு இந்தப் பிரிவு வேண்டியதே. ஃபிராஞ்சைஸ் பார்க்காத பொது டிராஃப்ட் என்றால் கூட்டியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஷீட்டை வைத்துக்கொண்டால் குழப்பம்தான்.

அதிக நேரம் தின்பது அணிக் குறியீடு. பேட்டிங் கோப்பில் அணியின் குறியீடான ‘டீம்ஐடி’ மட்டுமே உண்டு. ஃபிராஞ்சைஸின் குறியீடான ‘ஃபிரான்ச்ஐடி’ டீம்ஸ் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் ‘டீம்ஐடி’யோடு ‘இயர்ஐடி’யும் சேர்த்துத்தான் இணைக்க வேண்டும். ஆண்டை விட்டுவிட்டால், அந்த அணி எத்தனை ஆண்டு ஆடியதோ அத்தனை மடங்கு வரிகள் பெருகும், ஹோம் ரன் கூட்டல் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். இது பெரிய பிழை என்பதால் உடனே கண்ணில் படும். சின்னப் பிழைதான் ஆபத்து: பழைய வாஷிங்டன் செனட்டர்ஸ் 1961இல் மினசோட்டாவுக்குப் போய் ட்வின்ஸ் ஆனது. அதே ஆண்டு வாஷிங்டனில் தொடங்கிய புது செனட்டர்ஸ் 1972இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஆனது. இன்றைய வாஷிங்டன் நேஷனல்ஸோ மான்ட்ரியல் எக்ஸ்போஸின் வாரிசு. ஆகவே 417 வெற்றிகள் பெற்ற வால்டர் ஜான்சன் மினசோட்டாவை எடுத்தவருக்குப் போவார். நேஷனல்ஸ்காரருக்குக் கிடைப்பது கேரி கார்ட்டர், டிம் ரெய்ன்ஸ், 1997இன் பெட்ரோ மார்ட்டினெஸ். அதுவும் மோசமில்லை. ஊர்ப் பெயரை வைத்து வடிகட்டுபவர் இதில் கட்டாயம் ஏமாறுவார்.

வெற்றுக் கட்டங்களை ஒரே மாதிரி நடத்தக் கூடாது. சாக்ரிஃபைஸ் ஃப்ளை (பேட்டர் கேட்ச் ஆனாலும் ஒரு ரன் வரவைக்கும் அடி) இன்றைய விதிப்படி தனியாகக் கணக்கில் வந்தது 1954 முதல். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் வெற்று மதிப்போடு எதைக் கூட்டினாலும் விடை வெற்றுதான் என்பதால், பிளேட் அப்பியரன்ஸ் (பேட்டர் அடிக்க வந்த மொத்தத் தடவைகள்) கணக்கிட்டால் 1954க்கு முன் ஆடிய பேப் ரூத் காணாமல் போய்விடுவார். அங்கே வெற்றைப் பூஜ்யமாக்குவது சரி. ஆனால் ‘காட் ஸ்டீலிங்’ (அடுத்த பேஸைத் திருட ஓடிப் பிடிபட்டது) நெடுவரிசையில் அதையே செய்தால், அந்த எண் பதிவாகாத காலத்தில் ஆடிய ஹோனஸ் வாக்னர் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு தடவைகூடப் பிடிபடாதவர் ஆகிவிடுவார். அங்கே வெற்று வெற்றாகவே இருக்கட்டும். திருட்டு வெற்றி விகிதத்துக்குப் புள்ளி தரும் விதியையே பழைய காலத்துக்கு நீக்கிவிடுவது நல்லது.

பிட்சிங்கில் இன்னிங்ஸை வேறு தளங்களிலிருந்து ஒட்டாதீர்கள். 200.1 என்பது 200 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும், நம் 19.4 ஓவர் கணக்கு மாதிரி. லாமனில் ‘ஐபிஅவுட்ஸ்’ இருக்கிறது, மூன்றால் வகுத்தால் முடிந்தது. எக்செல்லில் வெற்றி-தோல்வியை 9-10 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். 1900க்கு முந்தைய பிறந்த தேதிகளையோ எக்செல் தேதியாகவே ஏற்காது. வயதுக்குப் பிறந்த ஆண்டு நெடுவரிசையே போதும். கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்து இறக்குமதி செய்தால் ஸ்பானியப் பெயர்கள் சிதையாது. உண்மையில் லட்சம் வரிகளைத் தாண்டிய பேட்டிங் கோப்பில் லுக்அப் சூத்திரங்களை ஓடவிடுவதே தண்டனை. எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருளில் கூட்டிச் சுருக்கி, முடிவை மட்டும் ஷீட்டுக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

இனி மதிப்பீடு. பில் டெரி 1930இல் .401 பேட்டிங் சராசரியில் அடித்தார், கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 1968இல் .301 மட்டுமே அடித்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். பட்டியலை வெறும் சராசரியால் அடுக்கினால் டெரி மலை, யஸ்ட்ரெம்ஸ்கி மடு. ஆனால் டெரியின் லீக் சராசரி .303, யஸ்ட்ரெம்ஸ்கியுடையது .230. வகுத்துப் பாருங்கள்: 1.32, 1.31. ஏறக்குறைய ஒரே உயரம். எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆண்டு, அந்த லீக்கின் சராசரியால் வகுத்த விகிதம் ஒன்று கட்டாயம் வேண்டும். தகுதி வரம்பையும், அதாவது ஒருவருக்கு வேண்டிய குறைந்தபட்ச பிளேட் அப்பியரன்ஸையும், நிலையான எண்ணாக வைக்காதீர்கள். அணியின் ஆட்டங்களை 3.1ஆல் பெருக்குங்கள்: 162 ஆட்டத்துக்கு 502, 2020இன் 60 ஆட்டத்துக்கு 186. வேலைநிறுத்தம் வந்த 1981, 1994 ஆண்டுகளும் இதிலேயே சரியாகிவிடும்.

நீக்ரோ லீக்குகள் (நிறவெறித் தடைக் காலத்தில் கறுப்பின வீரர்கள் ஆடிய தனி லீக்குகள்) உண்டா என்பதை டிராஃப்டுக்கு முன்பே பேசி முடியுங்கள். 1920–1948 காலத்தின் ஏழு லீக்குகளை மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் அங்கீகரித்தது. 2024இல் ஜோஷ் கிப்ஸனின் .372 வாழ்நாள் சராசரி டை காப்பைத் தாண்டி முதலிடம் வந்தது. பழைய வெளியீட்டை இறக்கி வைத்திருப்பவரின் பேட்டிங் கோப்பில் கிப்ஸன் இருக்கவே மாட்டார்.

ஆடும் இடத் தகுதிக்கு ஃபீல்டிங்கைவிட அப்பியரன்சஸ் கோப்பு எளிது. ஓர் ஆண்டில் ஓர் இடத்தில் 20 ஆட்டம் என்ற வரம்பு பொதுவாக ஒத்துவரும். இதை ஆண்டுவாரியாகப் பார்க்காவிட்டால், 1962 முதல் முதல் பேஸுக்கு மாறிவிட்ட எர்னி பேங்க்ஸை யாராவது அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) இறக்குவார்கள்.

பட்டியலை மற்றவர்களுக்கு அனுப்புமுன் இரண்டு பேரின் ஹோம் ரன்களைச் சரிபாருங்கள். ஹேங்க் ஆரன்: பிரேவ்ஸ் 733, புரூவர்ஸ் 22. மில்வாக்கியில் இரண்டு ஃபிராஞ்சைஸுக்கும் ஆடியவர் அவர், ஊரை வைத்துக் கூட்டியிருந்தால் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். பேப் ரூத்: ரெட் சாக்ஸ் 49, யாங்கீஸ் 659, பிரேவ்ஸ் 6. ரெட் சாக்ஸ்காரருக்கு அவர் பேட்டராக மட்டுமில்லாமல், 1916இல் 23 வெற்றி பெற்ற பிட்சராகவும் பட்டியலில் தெரிகிறாரா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பிட்சிங் கோப்பு இன்னும் சேரவில்லை.