இலவச ஆய்வுக் கட்டுரைகள்: எந்தத் துறைக்கு எந்தத் தளம்?

புராஜெக்ட் எழுதும் மாணவர்கள் எல்லாரும் தேடத் தொடங்குவது கூகுள் ஸ்காலரில். பலர் தேடி முடிப்பதும் அங்கேதான். அதுதான் எனக்கு வருத்தம். 2004-இல் வந்த அந்தத் தளம் எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டும். கையில் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை இல்லை. தலைப்பைத் தட்டினால் பதிப்பகத்தின் பக்கம் திறந்து முப்பது, நாற்பது டாலர் கேட்கும். வியாசர்பாடியில் உட்கார்ந்து போனில் பார்க்கிற பிள்ளை, "இது நமக்கு இல்லைக்கா" என்று ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடுகிறது. அதே கட்டுரை வேறொரு தளத்தில் இலவசமாகவே இருந்திருக்கலாம். எந்தத் தளம் என்பது துறைக்குத் துறை மாறும்.

ஸ்காலரைவிட்டு நகரும் முன் ஒன்றைப் பாருங்கள். பல முடிவுகளுக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் அந்தக் கட்டுரையின் மற்ற பிரதிகள் வரும். ஆசிரியர் தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்றிய பிடிஎஃப் பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படிப்பவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்கைவ் இருக்கிறது. தேடும்போது ஏ-ஆர்-எக்ஸ்-ஐ-வி என்று தட்டச்சு செய்யுங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்கைவ் வந்து நிற்கும், அது வேறு தளம். இந்தத் துறைக்காரர்கள் இதழுக்கு அனுப்பும்போதே இங்கேயும் ஏற்றிவிடுவது வழக்கம். இருபது லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன, எதற்கும் காசு இல்லை. இந்தத் துறைகளில் நான் ஸ்காலருக்குப் போவதே ஆர்கைவில் கிடைக்காதபோதுதான்.

மருத்துவத்தில் கதை வேறு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சுற்றி எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோதெரபி என்று படிக்கிற கூட்டம் அதிகம். அவர்களில் பாதிப் பேர் பப்மெட், பப்மெட் சென்ட்ரல் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பப்மெட்டில் இருப்பது கட்டுரையின் விவரமும் சுருக்கமும். முழுக் கட்டுரை, காசில்லாமல், பப்மெட் சென்ட்ரலில். இரண்டையும் நடத்துவது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்தான். பப்மெட்டில் இடப்பக்கம் இருக்கும் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' பெட்டியில் டிக் போட்டால் முழுதாகப் படிக்கக் கிடைப்பவை மட்டும் நிற்கும்.

தேடலிலும் பப்மெட் ஸ்காலரைவிட ஒரு படி மேல். மருத்துவச் சொற்களுக்கென்று அதனிடம் தனிப் பட்டியல் உண்டு. நீங்கள் ஆங்கிலத்தில் 'ஹார்ட் அட்டாக்' என்று சாதாரணமாகத் தட்டினாலும், 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று வகைப்படுத்திய கட்டுரைகளையும் சேர்த்துக்கொண்டு வரும். முதல் வருடம் படிக்கிற, சரியான மருத்துவப் பெயர் இன்னும் நாக்கில் வராத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மருத்துவத்துக்கும் மெட்ஆர்கைவ் என்று ஒன்று 2019-இல் வந்தது. மற்ற அறிஞர்கள் சரிபார்க்கும் முன்பே ஏற்றப்படும் கட்டுரைகள் அவை. கணிதத்தில் அப்படி ஒரு கட்டுரையை எடுத்தால் நிரூபணத்தை நீங்களே வரி வரியாகச் சோதிக்கலாம். மருந்து வேலை செய்ததா என்பதை அப்படி வீட்டில் சோதிக்க முடியாது. அதனால் மருத்துவ புராஜெக்டில் அதை முதன்மை ஆதாரமாக வைக்கவே வைக்காதீர்கள்.

வேதியியல்தான் கைக்குச் சிக்காத துறை. கெம்ஆர்கைவ் தொடங்கியதே 2017-இல்தான். இன்னும் எல்லாரும் பழகவில்லை. நான் சொல்வது நம் ஊர் இதழ்களை. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்கள் அவர்கள் தளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. 'ரெசொனன்ஸ்' இளங்கலை மாணவருக்கென்றே எழுதப்படுவது. 'கரண்ட் சயின்ஸ்' இதழும் அதன் தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். மத்திய அரசின் அறிவியல் இதழ்களுக்கு நோபர் (என்-ஓ-பி-ஆர்) என்ற களஞ்சியம் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தின் சேற்றில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று தேடுகிறவர் வெளிநாட்டு இதழ்களில் முட்டிக்கொள்ளும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு சேர்ந்து எண்ணெய் பரவிய விஷயத்துக்கு இதழ்களைவிட தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளும் அதன் முன் வைக்கப்பட்ட அறிக்கைகளும் முக்கியம். அவை பொது ஆவணங்கள். தீர்ப்புகள் தேட இந்தியன் கானூன் போதும். சட்டம் படிப்பவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வரலாறு, சமூகவியல் பக்கம் வந்தால் போட்டி இரண்டு அரசுத் தளங்களுக்கு இடையில்: சோத்கங்காவும் தேசிய மின்னணு நூலகமும். பின்னதை ஐஐடி கரக்பூர் நடத்துகிறது. கோடிக்கணக்கில் பதிவுகள் என்று கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் பல பதிவுகள் வேறு தளத்துக்குக் கைகாட்டுபவை. போய்ப் பார்த்தால் சில இடத்தில் சந்தா கேட்கும். பள்ளிப் பாடமும் போட்டித் தேர்வுத் தாளும் தேட நல்லது. ஆய்வுக்கு என் ஓட்டு சோத்கங்காவுக்குத்தான்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கச் சொல்லி யுஜிசி 2009-இல் விதி கொண்டுவந்தது. அவை சேரும் இடம் சோத்கங்கா. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1918-இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம் என்று ஆழமாகப் போகக்கூடிய விஷயம். சோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக வராது. முகப்பு, சான்றிதழ், ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப். போன் டேட்டாவில் படிப்பவருக்கு இது வரம்: வேண்டிய இயலை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். முதலில் நூற்பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கடைசியை ஒட்டி இருக்கும். ஒருவர் வருடக்கணக்கில் அலைந்து சேர்த்த ஆவணப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆய்வேடுகளின் தரம் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சுமாரான ஆய்வேட்டிலும் நூற்பட்டியல் உதவும்.

அந்தக் காலத்து ஆங்கில நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திடிரஸ்ட் இரண்டில் முன்னதே மேல். ஹாத்திடிரஸ்ட் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குப் பல நூல்களைப் பூட்டியே வைக்கும். ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் திரையில் படிக்கலாம், இறக்க முடியாது.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களிடம் "மதுரைத் திட்டமா, தமிழ் இணைய மின்னூலகமா?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கட்சி. எனக்கு இரண்டும் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். நெய்தல் திணைப் பாடல்களில் 'திமில்' என்ற மீன்பிடிப் படகு எங்கெங்கே வருகிறது என்று ஒரு நொடியில் தேடிவிடலாம். காசிமேட்டுக் கடல் தொழிலைப் பற்றி எழுதுகிறவருக்கு இது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்று யோசியுங்கள். ஆனால் அச்சுப் பதிப்பின் பக்க எண் பெரும்பாலும் அங்கே கிடைக்காது. அடிக்குறிப்பு போடும்போது மாட்டிக்கொள்வீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அச்சு நூலின் பக்கங்களை அப்படியே படமாக வைத்திருக்கிறது. பதிப்பாண்டு, பதிப்பாசிரியர், பக்க எண் எல்லாம் இருக்கும், உள்ளே சொல் தேடுவதுதான் கஷ்டம். மதுரைத் திட்டத்தில் கண்டுபிடித்து, மின்னூலகத்தில் பக்கம் பார்த்து மேற்கோள் காட்டுங்கள். ஈழத்து வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்றே பெயருள்ள தளம் இருக்கிறது. பழைய சிற்றிதழ், துண்டுப் பிரசுரம் என்றால் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்விடுவதுதான் நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியாக இப்போது வந்திருப்பது 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இதில் அடக்கம். ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் தங்கள் நூலகரிடம் போய், கல்லூரி பதிவாகியிருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய வழி உண்டா என்று கேளுங்கள். பக்கத்துத் தெருவில் சுயநிதிக் கல்லூரியில் படிக்கிறவருக்கு இது கிடையாது. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேருக்கு இடையே இப்படி ஒரு கோடு போட்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சி தேவை. பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், கட்டுரைப் பக்கத்தைத் திறக்கும்போதே சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு காட்டும். கணினி வேண்டும், போனில் குரோம் போதாது. கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி இடத்தில் மடிக்கணினியோடு ஒரு மதியம் உட்கார முடிந்தால் வேலை முடிந்தது. போன் மட்டும்தான் என்றால் கோர் தளம் நல்லது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகக் களஞ்சியங்களிலிருந்து திறந்த பிரதிகளைத் திரட்டி வைத்திருக்கிறது.

எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே ஆசிரியரின் மின்னஞ்சல் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்தக் கட்டுரை, எதற்காக வேண்டும்: நான்கு வரி போதும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. தன் எழுத்தைப் படிக்க ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்கள். பதில் வர நாளாகலாம், அதனால் கைடு கெடு வைத்த வாரத்தில் எழுதாமல் தலைப்பு முடிவான வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.