நெட் மாறிய பிறகும் நிற்காத பில்: மன்னார்குடியிலிருந்து ஒரு பிராட்பேண்ட் அனுபவம்

மன்னார்குடியில் ஹரித்ராநதி கரைப் பக்கம் எங்கள் வீடு. முதலில் செம்புக் கம்பியில் வந்த லேண்ட்லைன் பிராட்பேண்ட், அப்புறம் ஊர் கேபிள்காரர் மூலம் ஒரு கம்பெனியின் ஃபைபர், இப்போது வேறொரு கம்பெனியின் ஃபைபர் என்று மூன்றையும் பல வருடம் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. புது இணைப்பு வாங்கும்போது எல்லோரும் விசாரிப்பது ஸ்பீடு என்ன, மாதம் எவ்வளவு என்பதைத்தான். என்னிடம் யாராவது கேட்டால், “வேண்டாம் என்றால் எப்படி மூடுவது, யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்” என்கிறேன். இரண்டாவது இணைப்பை விட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த பில்கள்தான் காரணம்.

முதல் இணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தரைக்கடியில் கேபிள் ஜாயின்டில் தண்ணீர் இறங்கிவிடும். போனில் கரகரவென்று சத்தம் கேட்கும், நெட் வரும், போகும். சில சமயம் வாரக்கணக்கில் கிடக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-ல் கொண்டுவந்த, அப்போது நடைமுறையில் இருந்த பிராட்பேண்ட் தர விதிகளில் இதற்கு வாடகைக் கழிவு இருந்தது: பழுது 3 வேலை நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை, 7 நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகை, 15-ஐத் தாண்டினால் ஒரு மாத வாடகை. எழுதிக் கேட்டோம், அடுத்த பில்லில் கழித்தார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு அந்த லைன் பழையபடி தேறவே இல்லை. கடைசியில் மூடியபோதும் சிக்கல் இல்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு விண்ணப்பம் கொடுத்தோம், மோடத்தை ஒப்படைத்ததற்கு முத்திரை குத்திய ரசீது கொடுத்தார்கள். டெபாசிட் நிதானமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

கொரோனா காலத்தில் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஃபைபருக்கு மாறினோம். நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பில் தகராறு எங்கே பிறக்கிறது என்று புரியும். பெயரும் இன்டர்நெட்டும் பில் போடுவதும் கம்பெனியுடையது. தெருக் கம்பத்திலிருந்து வீடு வரை ஒயர் இழுப்பது, ஃபைபரை ஒட்டுவது, லைட் சிவப்பாக எரிந்தால் ஓடி வருவது எல்லாம் உள்ளூர் கேபிள்காரர். நாம் கட்டும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு. நமக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான், நம் பெயரில் கணக்கு எழுதுவதோ சென்னையிலோ வேறெங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். நெட் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மூடும்போதுதான் தெரியும்.

எங்கள் கேபிள்காரர் நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றுகிற தை, மாசியில் அந்த இணைப்பு எங்களைப் படுத்திவிட்டது. லாரியில் வைக்கோலை ஆள் உயரத்துக்கும் மேல் அடுக்கிக்கொண்டு வருவார்கள், குறுக்கே தொங்கும் ஃபைபர் அதில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். ஒட்டுப்போட்டால் இரண்டு வாரம் தாங்கும், மறுபடி இன்னொரு லாரி. பங்குனி வந்தால் ராஜகோபாலசுவாமி கோயில் தேருக்காகத் தேர் வீதிகளில் குறுக்கே போகும் கேபிளை அவிழ்ப்பார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, தேர் போவதுதான் முக்கியம். வைக்கோல் லாரிக்குத்தான் ஒயரை உயர்த்திக் கட்டச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனோம். 2022-ல் இன்னொரு கம்பெனி எங்கள் தெருவுக்குப் புதுக் கம்பம் போட்டுக் கொடுத்ததும் மாறிவிட்டோம்.

கேபிள்காரரிடம் நேரிலேயே சொன்னேன். வருத்தப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை. அவரே வந்து மோடத்தையும் அடாப்டரையும் கழற்றி, சுவரோரம் இருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டார்.

“அண்ணே, பில் எதுவும் வந்துடாதே?”

“தம்பி, நான் ஆபீஸ்ல சொல்லிடுறேன். மோடமே எங்கிட்ட வந்துட்டு, அப்புறம் எப்படி பில் வரும்?”

அடுத்த மாதமே பில் வந்தது. மாத வாடகை 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 107.82, மொத்தம் 706.82. அதற்கடுத்த மாதம் அதே தொகையோடு பழைய பாக்கியும் தாமதக் கட்டணமும். அப்படியே சில மாதம் ஓடி, பணம் வரவில்லை என்று அவர்களே துண்டித்து, கடைசியாக ஒரு பில் போட்டார்கள். அதில் புதிதாக ஒரு வரி: திரும்ப ஒப்படைக்காத உபகரணம், 2,500 ரூபாய். எந்த மோடத்தைக் கேபிள்காரர் கையோடு எடுத்துப் போனாரோ அதற்குத்தான் இந்தக் கட்டணம். இணைப்பு வாங்கும்போது நாங்கள் கட்டிய டெபாசிட்டை எந்த வரியிலும் கழிக்கவில்லை.

இங்கே பலரும் மொபைலில் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவதை வைத்து நெட்டையும் நினைத்துக்கொள்கிறார்கள். 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த எம்என்பி என்ற அந்த வசதியில் புதுக் கம்பெனிக்குப் போனாலே பழைய கணக்கு தானாக மூடப்படும். வீட்டு பிராட்பேண்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. புதுக் கம்பெனிக்காரர் வந்து இணைப்புக் கொடுத்தது பழைய கம்பெனிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அது போஸ்ட்பெய்டு இணைப்பாக இருந்துவிட்டால், நாம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் பில் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

கஸ்டமர் கேரில் பேசினால் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். “மூடச் சொல்லி எங்கள் சிஸ்டத்தில் ரிக்வெஸ்ட் எதுவும் பதிவாகவில்லை சார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கேபிள்காரரிடம் சொன்னது கம்பெனியிடம் சொன்னதாகாதா என்று கேட்டால், அவர் பார்ட்னர் சார், நீங்கள் எங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். பணம் வாங்கும்போது மட்டும் அவர் கம்பெனி ஆள், இணைப்பைத் துண்டிக்கும்போது வெளி ஆள். இது நியாயமே இல்லை. அவர் கொடுத்த எந்த ரசீதிலும் “மூடும் கோரிக்கையை என்னிடம் தராதீர்கள்” என்று அச்சிடவில்லை.

இன்னொரு சிக்கல், இணைப்பு அப்பா பெயரில். புகார் பதிவானால் வரும் டாக்கெட் நம்பர் அவருடைய பட்டன் போனுக்குத்தான் போகும். அதில் எஸ்எம்எஸ் நிறைந்து கிடந்ததால் முதல் தடவை கொடுத்த புகாரின் நம்பர் வந்து சேரவே இல்லை. நம்பர் இல்லாத புகார் அவர்கள் கணக்கில் புகாரே அல்ல. அதனால் அப்பாவின் மெயிலிலிருந்து எழுத்தில் அனுப்பி, பதிலிலேயே நம்பரைக் கேட்டு வாங்கினோம். சில நாளில் ‘பில் சரியானது’ என்று பதில் வந்து புகார் மூடப்பட்டது.

அது முடிந்த கையோடு தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடையில் பத்து ரூபாய் பாக்கி இருந்தால்கூட மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பவர். கவரைப் பிரித்துப் பார்த்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். “கோர்ட்ல இருந்து வந்திருக்குடா” என்றார். மக்கள் நீதிமன்ற நோட்டீஸ். பாக்கித் தொகை குறித்துச் சமரசம் பேச ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தது.

டெல்டா கிராமங்களில் இந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பயத்திலேயே பணம் கட்டிவிடும் பெரியவர்கள் நிறைய. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள், கணக்கு மட்டும் ஊரில் இருக்கும் அப்பா பெயரில். அவர்களுக்காகவே இதை விளக்கிச் சொல்கிறேன். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் நடக்கும் சமரச அமர்வு. வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு அழைக்கும் நோட்டீஸ் இது. தண்டனை கிடையாது, கைது கிடையாது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போகாமல் இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். போனோம். கம்பெனி சார்பில் வந்தவர், பாதியைக் கட்டினால் போதும், இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார். அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டுவிட்டார். தராத ஒரு சேவைக்குப் பாதி விலை என்றாலும் அது தராத சேவைதான். மேல்முறையீடு கொடுத்திருக்கிறோம், அதன் முடிவு வரட்டும் என்று சொல்லிவிட்டு, எதிலும் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தோம். அங்கே இருந்தவர்கள் யாரும் எங்களை வற்புறுத்தவில்லை.

மேல்முறையீடு என்றது டிராயின் 2012-ம் ஆண்டு புகார் தீர்வு விதிகளில் உள்ள இரண்டாம் படி. தனிப்பட்ட புகாரை டிராய் நேரடியாக விசாரிக்காது, அங்கே எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. முதலில் கம்பெனியின் புகார் மையம். அதன் பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய மெயில் முகவரி கம்பெனியின் தளத்தில் எங்கோ அடியில் இருக்கும். டிராய் தளத்திலும் கம்பெனிவாரியாகக் கிடைக்கும்.

மனுவில் கோபத்தை எழுதவில்லை. மூன்று விஷயம் மட்டும் எழுதினேன். மோடத்தை எடுத்துப்போன அன்று கேபிள்காரருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அதற்கு அவர் போட்ட பதில். அந்தத் தேதிக்குப் பிறகு கம்பெனியின் ஆப்பிலேயே டேட்டா பயன்பாடு பூஜ்யம் என்று காட்டும் பக்கங்களின் படம். மூன்றாவது, மோடத்தின் சீரியல் நம்பர். இணைப்புக் கொடுத்த அன்று அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். “இந்த நம்பருள்ள மோடம் இப்போது எங்கே இருக்கிறது என்று உங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டேன்.

அதுதான் வேலை செய்தது. அந்த மோடம் வேறொரு வாடிக்கையாளர் கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதாக அவர்கள் பதிலிலேயே ஒப்புக்கொண்டார்கள். கேபிள்காரர் அதைத் துடைத்து இன்னொரு வீட்டில் மாட்டியிருக்கிறார், அதில் அவர் மேல் தப்பில்லை. ஒரே பெட்டி அவர்கள் பதிவேட்டில் இன்னொரு வீட்டில் ஓடுகிறது, எங்கள் பில்லில் தொலைந்துபோயிருக்கிறது. உபகரணக் கட்டணம், மோடத்தை எடுத்துப்போன பிறகான வாடகை, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாங்கள் உண்மையிலேயே பயன்படுத்திய கடைசி மாதத்தின் நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு, டெபாசிட்டில் கழித்தார்கள். பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கினோம். மீதி டெபாசிட் அப்பா கணக்குக்கு வர மேலும் பல வாரம் ஆனது. முன்னே சொன்ன அதே 2006 விதிகளில் மூடிய 60 நாளுக்குள் என்று இருந்ததைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் வந்தது.

மேல்முறையீடும் பலன் தராமல் போயிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். போன் பில்லுக்கெல்லாம் அங்கே போக முடியாது என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். 2009-ல் வந்த ஒரு தீர்ப்பால் அப்படி ஒரு எண்ணம் நிலைத்திருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும், 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம்.

இப்போதுள்ள இணைப்பு பரவாயில்லை. 100 எம்பிபிஎஸ் என்றால் ஒயரில் அந்த அளவு வருகிறது, மாடி அறைக்கு வைஃபையில் பாதிதான். ஒயர் உயரமாகப் போவதால் வைக்கோல் சீசனில் அறுந்ததில்லை. கரண்ட் போனால் தெருமுனைப் பெட்டியின் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்குகிறது, மழைக்காலத்தில் இது தொல்லை. கஸ்டமர் கேர் சுமார்தான். ஆனால் இணைப்பு என் பெயரில், என் நம்பரில் இருக்கிறது. மூடும் கோரிக்கையை ஆப்பிலேயே கொடுக்க ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன்.

ப்ரீபெய்டு மாதப் பிளானில்தான் ஓட்டுகிறேன். ரீசார்ஜ் செய்யாவிட்டால் நெட் நிற்கும், பாக்கி என்று ஒன்று சேராது. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று அடிக்கடி மெசேஜ் அனுப்புகிறார்கள். பாதியில் விட்டால் மீதிப் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை மாதப் பிளானே போதும்.