பூஸ்டைக் குறைக்க வாங்கிய பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். அதைக் கட்டுப்படுத்தும் இந்த எலக்ட்ரானிக் பூஸ்ட் கண்ட்ரோலர் நல்ல பொருள்தான். ஆனால் நான் எதற்காக வாங்கினேனோ அந்த வேலையை இது செய்யாது. வேறு எந்தக் கம்பெனிப் பெட்டியும் செய்யாது. அது தெரியாமல் வாங்கியது என் தப்பு என்பதால் கம்பெனி பெயரை எழுதவில்லை.

வண்டி 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் 13பி ரோட்டரி எஞ்சின். டிராக்கில் மட்டும் ஓடுவது. மாற்றம் எதுவும் செய்யாத வண்டியில் பூஸ்ட் சுமார் 5.5 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) இருக்கும். நான் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பிலிருந்து கடைசி வரை 3 அங்குலக் குழாய் போட்டேன். சத்தம் அருமை. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் பூஸ்ட் கேஜின் முள் 6, 7, 8 என்று ஏறிக்கொண்டே போனது. 5,000 ஆர்.பி.எம். தாண்டியதும் படீரென்று ஒரு இடி. சீட் பெல்ட் நெஞ்சில் அறைந்தது. 8.6 பி.எஸ்.ஐ. வாக்கில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்திவிடும். அதுதான் ஃப்யூல் கட். முதல் தடவை கியர்பாக்ஸே போய்விட்டது என்று நினைத்தேன்.

பூஸ்ட் அதிகமானால் பூஸ்ட் கண்ட்ரோலர் வாங்கவேண்டியதுதானே? பெயரிலேயே இருக்கிறதே! வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வயரிங் செய்து, 5 பி.எஸ்.ஐ. என்று செட் பண்ணிவிட்டு ஓட்டினேன். அதே இடி.

அப்புறம்தான் மேனுவலை ஒழுங்காகப் படித்தேன். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை டர்போவின் சக்கரமான டர்பைனுக்குப் போகவிடாமல் வெளியே திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவுதான் வேஸ்ட்கேட். அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். டர்போ தள்ளும் காற்றழுத்தம் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை வென்றால் கதவு திறக்கும். கண்ட்ரோலரின் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும்) வால்வு அந்த அழுத்தத்தை ஆக்சுவேட்டருக்குப் போகவிடாமல் கொஞ்சம் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். கதவு திறப்பதைத் தள்ளிப்போட முடியுமே தவிர, ஸ்பிரிங் விடும் அளவுக்குக் கீழே கொண்டுவர முடியாது. பூஸ்டை ஏற்றுவதற்கான கருவியை இறக்குவதற்கு வாங்கியிருக்கிறேன்.

சரி, ஆக்சுவேட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று பார்க்க, அதன் தண்டைக் கழற்றிவிட்டு வேஸ்ட்கேட் கதவை முழுசாகத் திறந்த நிலையில் இரும்புக் கம்பியால் கட்டினேன். ஒரு கண் கேஜில், ஒரு கால் பிரேக்குக்குத் தயாராக. 3,000-இல் 3 பி.எஸ்.ஐ. கூட இல்லை. 6,000 நெருங்கும்போது 8. கதவு திறந்தே கிடக்கிறது, பூஸ்ட் ஏறுகிறது! மதகை முழுக்கத் திறந்தாலும் மதகே சின்னது என்றால் தண்ணீர் கரையேறத்தான் செய்யும். பழைய எக்ஸாஸ்ட் அடைப்பாக இருந்தவரை அந்தச் சின்ன ஓட்டை போதுமாக இருந்தது. குழாயைத் தாராளமாக்கியதும் டர்பைன் வழியாகப் பாயும் வேகம் கூடிவிட்டது. இதைத்தான் பூஸ்ட் க்ரீப் என்கிறார்கள். காலைக் குளிரில் இன்னும் மோசம். காற்று அடர்த்தியாக உள்ளே போகிறது அல்லவா.

ஃப்யூல் கட்டை ஏமாற்ற ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும், அதைப் போட்டால் இடி நின்றுவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தீ அலாரம் கத்துகிறது என்று அதன் பேட்டரியைப் பிடுங்குகிற மாதிரி. பெட்ரோல் பற்றாமல், எரியவேண்டிய கலவை தாறுமாறாக வெடிக்கும் டெட்டனேஷன் வந்தால் ரோட்டரியில் முதலில் உடைவது ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல். ஒன்று உடைந்தால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்கவேண்டும்.

ஆகவே டர்போவை இறக்கினேன். வேஸ்ட்கேட் ஓட்டையை டை கிரைண்டரால் பெரிதாக்கினேன். வார்ப்பிரும்பு இழைக்க இழைக்கக் கறுப்பு மாவாக உதிரும். மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது. கதவை ஓட்டைமேல் வைத்து மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டு, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உட்கார இடம் விட்டேன். பேராசைப்பட்டு அதையும் இழைத்தால் கதவு மூடாது, அப்புறம் பூஸ்டே வராது. ஓட்டையை அகலமாக்கியதைவிட, புகை உள்ளே திரும்பும் ஓரத்தைச் சரிவாக இழைத்ததுதான் அதிகம் உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று இரவுகள் பிடித்தது. இப்போது கண்ட்ரோலர் அணைந்திருக்கும்போது சிவப்புக் கோடு வரை 6-ஐத் தாண்டுவதில்லை.

இனி பெட்டியைப் பற்றி. 7 என்று செட் பண்ணினால் 7-இலேயே நிற்கிறது. முதலில் சோலனாய்டை ஃபயர்வாலில் மாட்டியிருந்தேன். ஹோஸ் நீளத்தால் வால்வு தாமதமாக வேலை செய்து, முள் ஒரு கணம் 8-ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. டர்போவுக்குப் பக்கத்தில், ஆனால் சூடு நேரடியாகப் படாத இடத்துக்கு நகர்த்தி, ஹோஸை ஒரு சாண் ஆக்கினேன். வால்வு எவ்வளவு வேகமாக பூஸ்டை ஏற்றப் பார்க்கும் என்பதைச் சொல்லும் கெய்ன் என்ற செட்டிங்கையும் இரண்டு படி குறைத்தேன். தாவல் நின்றது. கம்பெனி வைத்திருந்த கெய்ன் இந்தச் சின்ன டர்போவுக்கு அதிகம்.

பிடித்தது எச்சரிக்கை வசதி. சொன்ன அளவைத் தாண்டினால் கூவிவிட்டு சோலனாய்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும், பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கும். மின்சாரம் போனாலும் அப்படித்தான் ஆகவேண்டும். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், 6-ஐத் தாண்டவில்லை. ஆனால் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கழன்றால் இந்தப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது, கதவு மூடியே இருக்கும். அதனால் எல்லா முனையிலும் கிளாம்ப் போட்டிருக்கிறேன். பெட்டியோடு ஒன்றுகூடத் தரவில்லை.

குறை என்றால் திரைதான். ராத்திரியில் நீல வெளிச்சம் கண்ணாடியில் அப்படியே தெரிகிறது. மங்கலாக்கும் செட்டிங் மெனுவில் எங்கே இருக்கிறது என்று இன்னும் அகப்படவில்லை. இன்சுலேஷன் டேப்பை பாதிக்கு ஒட்டி வைத்திருக்கிறேன்.