கடையார் தாழ்ந்த படகும் கைக்கு எட்டாத பம்பும்

2021 இலையுதிர்காலத்தில் இந்தப் படகை வாங்கினேன். பதினாறரை அடி அலுமினியப் படகு. வலப்பக்கம் ஸ்டீயரிங், பின்னால் 60 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் மெர்க்குரி எஞ்சின், தூண்டில் போடும்போது மெல்ல நகர அணியத்தில், அதாவது முன்நுனியில், 24 வோல்ட் மின்மோட்டர். எங்கும் ஒரு நசிவு இல்லை. விற்றவர் நன்றாகத்தான் வைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு சாமானையும் அவர் வைத்திருந்த இடம் சரியில்லை. அது எனக்குத் தெரியவர ஒரு கோடை போய்விட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மீன்பிடிக்கப் போகும் சிம்கோ ஏரியில்தான் ஓடுகிறேன். 722 சதுர கிலோமீற்றர் பரப்புக்கு அந்த ஏரி ஆழம் குறைவு. காற்று எழும்பினால் அலை நீளமாக வராது, குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக வரும். இதற்குள் பின்பாரம் கூடிய படகை ஓட்டுவது பெரிய சோதனை. வேகம் எடுக்கும்போது அணியம் மேலே தூக்கி நிற்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று பத்து விநாடி வரை தெரியாது.

2022 ஓகஸ்டில் ஒரு மாலை, குக்ஸ் குடாவில் மிதவை ஒன்றைக் கண்டு சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். நாங்கள் எழுப்பிய அலையே பின்னால் வந்து கடையார் (படகின் பின்பக்கம்) மேலாக உள்ளே ஏறிவிட்டது. "அப்பா, பின்னாலை தண்ணி. பம்ப் ஓடேல்லை" என்றான் மகன். உள்ளே வரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இருந்த குழிக்கு மேலே இரண்டு பற்றரிகள், அதற்கு மேலே சாமான் பெட்டி. ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துவிட்டுக் கையை விட்டால், தண்ணீர் ஏறும்போது மிதந்து எழும்பிப் பம்பை ஓட்டும் மிதவைச் சுவிட்சில் நைலோன் நூலும் ஒரு மேப்பிள் இலையும் சுற்றிக் கிடந்தன. இலையை எடுத்ததும் பம்ப் ஓடத் தொடங்கியது. அதுவரை வாளியால்தான் இறைத்தோம். தீயணைப்பான் எங்கே என்று அன்றைக்குத் தேடியிருந்தாலும் உடனே கிடைத்திராது. அது முன்பெட்டியில் கயிற்றுக்கு அடியில் கிடந்தது. பெற்றோல் தாங்கி நிரந்தரமாகப் பொருத்திய படகில் அதை வைத்திருப்பது இங்கே சட்டம். வைத்திருந்தால் போதுமா, கைக்கு எட்ட வேண்டாமா?

அந்தக் குளிர்காலம் கராஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எஞ்சின் 112 கிலோ. முன்பு இருந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அதைவிட 20 கிலோ அளவில் குறைவு. மின்மோட்டரின் பற்றரிகள் இரண்டும் தலா 25 கிலோ, ஸ்டார்ட் பற்றரி 20. நாற்பத்தைந்து லீற்றர் பெற்றோல் 34 கிலோ வரும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி 60 லீற்றர், அதாவது 60 கிலோ தண்ணீர். எஞ்சினை விட்டாலும் 164 கிலோ, எல்லாம் கடைசி ஒரு மீற்றருக்குள். இரண்டு பெரிய ஆட்கள் எந்நேரமும் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கனடாவில் படகின் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச சுமைக்குள் வெளி எஞ்சினின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாரமான எஞ்சினைப் போட்டால் ஏற்றக்கூடிய ஆட்களின் கணக்கு அந்த அளவுக்குக் குறையும்.

வேலை தொடங்குமுன் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சும்மா நிற்கும்போது, ஆள் இல்லாமல், நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளக்க வேண்டும். படகைத் தூக்கி வைக்குமுன்னே நான் அளந்திருந்தேன். எஞ்சின் மாட்டியிருக்கும் பலகையில் 30 சென்ரிமீற்றர்தான் இருந்தது. இந்த இலக்கம் கையில் இல்லாவிட்டால் பிறகு செய்யும் மாற்றம் எல்லாம் மனப்பிரமைதான்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். பின்னால் பாரம் என்றால் முன்னால் கொண்டுபோ என்று நினைத்து, 2023 மேயில் இரண்டு பற்றரிகளையும் அணியத்து நுனிப் பெட்டிக்குள் வைத்தேன். பலகை உயர்ந்தது. ஆனால் படகு அலையில் ஏற மறுத்து முகத்தால் குத்தியது. முன்னால் உட்கார்ந்தவர் முழுக்க நனைந்தார். இரண்டாவது மாதம் ஒரு பற்றரியின் முனை இறுக்கம் கழன்று, கம்பி கறுத்துப் போயிருந்தது. பருத்தித்துறையில் அப்பா வள்ளத்தில் வலையை ஒருநாளும் அணியத்தில் குவிக்கவிடமாட்டார், "நடுவிலை போடு" என்பார். எனக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் பற்றரிகளை ஸ்டீயரிங்குக்கு முன்னால், இடப்பக்கப் பெட்டிக்குள் கொண்டுவந்தேன். பழைய இடத்திலிருந்து இரண்டரை மீற்றர் முன்னே. ஏன் இடப்பக்கம்? ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பதால் தனியாகப் போகும்போது படகு வலப்பக்கம் சாயும். அந்த 50 கிலோ அதைச் சமன் செய்கிறது. தட்டில் வைத்துப் பட்டியால் இறுக்கினேன். மின்மோட்டருக்குப் போகும் வயரின் நீளம் பாதியானது இன்னொரு லாபம். பற்றரிக்குப் பக்கத்திலேயே, மின்சாரம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் 60 அம்பியர் பிரேக்கர். இதை மட்டும் தள்ளி வைக்காதீர்கள்: பற்றரிக்கும் பிரேக்கருக்கும் இடையில் உள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஸ்டார்ட் பற்றரியைப் பின்னாலேயே விட்டேன். எஞ்சினுக்குப் போகும் வயர் குட்டையாக இருப்பதுதான் நல்லது.

பற்றரிகளை நகர்த்தியதில் 3 சென்ரிமீற்றர் கிடைத்தது. ஓடும்போது மீன்தொட்டியை வெறுமையாக வைத்து, நிறுத்திய இடத்தில் நிரப்பும் பழக்கம் மட்டும் கிட்டத்தட்ட 4 சென்ரிமீற்றர் தந்தது, ஒரு சதம் செலவில்லாமல். பின்தளத்தைத் திறந்தபோது அடியில் இருந்த நுரைக்கட்டி தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. கையால் பிழிந்தால் வடிந்தது. அதை எடுத்துவிட்டுப் தண்ணீர் குடிக்காத புது மூடுதுளை நுரை வைத்ததில் இன்னும் ஒன்றரை. நுரையை எடுத்துவிட்டுச் சும்மா விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படகு நிரம்பினாலும் மூழ்காமல் வைத்திருப்பது அதுதான்.

எஞ்சினில் பூட்டும் செட்டைத் தகடு ஒன்றையும் ஒரு கோடை போட்டுப் பார்த்தேன். அணியம் தணிந்தது உண்மை. ஆனால் நின்றவுடன் கடையார் பழையபடி தாழ்ந்தது. நின்ற படகில்தானே தண்ணீர் ஏறியது? கழற்றிவிட்டேன்.

எட்டும் தூரத்து வேலை இதைவிடச் சின்னது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். பம்புக்கு மேலே 15 சென்ரிமீற்றர் வட்ட மூடி ஒன்று வெட்டிப் போட்டேன். பெரிய சுவிட்சை அணைத்தாலும் பம்ப் ஓடும்படி தனிப் பியூஸ் வைத்து நேரே பற்றரியில் கொடுத்தேன். பெற்றோல் வடிகட்டியைத் தாங்கியின் பின்னாலிருந்து முன்பக்கச் சுவருக்கு மாற்றினேன். தீயணைப்பான் இப்போது என் கதிரைக்குப் பக்கத்தில். எழும்பாமல் கையை நீட்டினால் எட்டும்.

குறையும் உண்டு. இடப்பக்கப் பெட்டி பற்றரிக்குப் போனதால் உயிர்காப்பு அங்கிகளுக்கு இடம் போதவில்லை. ஏறும்போதே எல்லோரும் போட்டுக்கொள்கிறோம். முன்னால் இருப்பவருக்குக் கால் நீட்ட வசதி குறைவு. லிதியம் பற்றரி போட்டால் ஒவ்வொன்றும் பாதி எடைதான், ஆனால் இடப்பக்கத்து ஈடு குறைந்துவிடும். அதனால் அவசரப்படவில்லை.

இந்த மேயில் இறக்குதுறையில் நிற்கும்போது மகனே மூடியைத் திறந்து, கையை விட்டு மிதவையைத் தூக்கினான். பம்ப் ஓடியது. மூடியைத் திருகிவிட்டுத் தலையாட்டினான். அப்புறம்தான் ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் விட்டேன்.