மூன்று வருட மெத்தா தியானம்: காதல் முறிவுக்குப் பிறகு என் அனுபவம்

போன வாரம் என் தோழி ஒருத்தி இரவு பதினொன்றரைக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்கும் முறிந்துவிட்டது. "நீ தியானத்துக்குப் போனாயே, உண்மையிலேயே மனசு சரியாகிவிட்டதா? நானும் அந்த வகுப்பில் சேரட்டுமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எப்படி உட்கார்வது, மூச்சை எப்படிக் கவனிப்பது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். என் கதையும் சின்னதுதான். ஏழு வருடப் பழக்கம், இரண்டு வீட்டுக்கும் தெரியும், சிங்கப்பூரில் அரசாங்கம் கட்டித்தரும் பிடிஓ திட்டத்தில் நான்கறை வீடு தேர்ந்தெடுத்து 2,000 வெள்ளி முன்பணமும் கட்டியிருந்தோம். 2022ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காதலர் இந்த உறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீடும் போனது, முன்பணமும் போனது.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் ஒரு மெத்தா தியான வகுப்பில் சேர்ந்தேன். மெத்தா என்றால் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும் பௌத்த அன்புத் தியானம். முதல் நாளே, "உங்களைக் காயப்படுத்தியவர் முகத்தை மனதில் கொண்டுவாருங்கள், அவர் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார நினையுங்கள்" என்றார்கள். ஆறு வாரம் தினமும் இரவு அப்படியே செய்தேன். என்ன ஆனது தெரியுமா? மறக்கத் தொடங்கியிருந்த முகம் திரும்ப வந்தது, அவர் சட்டைக் கையை மடித்துவிடும் விதம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணைத் திறந்ததும் கை தானாகத் தொலைபேசிக்குப் போனது. முடக்கி வைத்திருந்த எண்ணைத் திறந்து பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றேன். வகுப்பில் இதைச் சொன்னபோது, "இன்னும் முழு மனதோடு செய்யவில்லை" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று வருடமாகியும் என்னால் விட முடியவில்லை. அடிபட்டு வந்தவளிடம் குறை உன்னிடம்தான் என்று சொல்லலாமா?

அப்புறம் ஒரு சனிக்கிழமை பாலஸ்டியர் பக்கம் தாய் ஜின் ரோட்டில் இருக்கும் பர்மியப் புத்தர் கோயிலுக்குப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில், முதலில் நம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கிந்தா ரோட்டில் இருந்ததாம். உள்ளே சுமார் 11 அடி உயரத்தில் வெள்ளைப் பளிங்குப் புத்தர், ஒரே கல்லில் செதுக்கி மியன்மாரிலிருந்து கொண்டுவந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு, அங்கே வந்திருந்த ஒரு பிக்குவிடம் (பௌத்தத் துறவி) எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திருத்தவில்லை, ஒரு கதை சொன்னார்.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரை மடத்தில் புத்தகோசர் என்ற துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் வரும் கதை அது. யார்மேல் மெத்தா வளர்க்கட்டும் என்று ஒருவன் கேட்கிறான், அன்புக்குரியவர்மேல் என்று தேரர் (மூத்த துறவி) சொல்கிறார். அவனுக்கோ தன் மனைவிமேல்தான் அன்பு. கதவைச் சாத்திவிட்டு அவளையே நினைத்துத் தியானம் செய்தவனுக்கு ஆசை தலைக்கேறி, அவளிடம் போக எழுந்து, கதவு எங்கே என்று தெரியாமல் இரவு முழுக்கச் சுவரோடு மோதிக்கொண்டிருந்தான்.

கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவரில் மோதியவள் நான்தானே! வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் தேடிப் படித்தேன். பிடிக்காதவர், மிகவும் நெருக்கமானவர், முன்பின் தெரியாதவர், பகைவர் என இவர்களில் யாரிடமிருந்தும் தொடங்கக் கூடாது, ஆணாக இருந்தால் குறிப்பிட்ட ஒரு பெண்ணை வைத்தும் பெண்ணாக இருந்தால் குறிப்பிட்ட ஓர் ஆணை வைத்தும் செய்யக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. மெத்தாவுக்கு வெறுப்பு தூரத்துப் பகை என்றால் ஆசை பக்கத்திலேயே இருக்கும் பகை. முதலில் தனக்குத்தான், மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்த எச்சரிக்கையை, கட்டணம் வாங்கிச் சொல்லித்தருகிறவர்கள் ஏன் சொல்லவில்லை?

சரி, தனக்குத்தானே என்று தொடங்கினால் அதுவும் வரவில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள், வாயளவில் நின்றது. தமிழில் "நான் நலமாக இருப்பேனாக" என்று சொன்னால் நாடக வசனம் மாதிரி இருந்தது. "நான் நல்லா இருக்கணும்" என்றால் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்துச் சாப்பிடுவது போல ஒரு கூச்சம். பல மாதம் இப்படிப் போனது.

தீபாவளியன்று பாட்டி காலில் விழுந்தேன். தலையில் கை வைத்து, "நல்லா இரு" என்றார். நான் யார், என்ன தப்பு செய்தேன், அவன் ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று எந்தக் கணக்கும் பார்க்காத இரண்டு சொல். அன்று இரவு தியானத்தில் எனக்கு நானே, ஒரு குழந்தையிடம் சொல்வதுபோல, "நல்லா இரு" என்று சொன்னேன். உள்ளே ஏதோ இளகியது. அன்றிலிருந்து இன்றுவரை தினமும் காலை இருபது நிமிடம் அதேதான். என் கோபத்தையும் என் ஏக்கத்தையும் விரட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள அந்தச் சொல்தான் கற்றுக்கொடுத்தது. இத்தனை வருடத்தில் நான் எதிர்பாராமல் கிடைத்த பெரிய சந்தோஷம் இது.

நடுவில் மலேசியாவின் பகாங்கில் கம்பாங் என்ற ஊருக்குப் போய்ப் பத்து நாள் விபாசனாவும் (உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கும் தியானம்) முடித்தேன். கட்டணம் கிடையாது, விரும்பினால் முடித்த பிறகு நன்கொடை கொடுக்கலாம். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, முட்டி வலி தாங்காது. ஆனால் அங்கே வரிசை சரியாக இருந்தது. மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாள் விபாசனா, மெத்தா வருவது பத்தாம் நாள்தான்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இன்றைக்கும் சில காலைகளில் அவர் வருகிறார். வந்தால் வரட்டும் என்று விட முடிகிறது, அவ்வளவுதான். மறக்கவைக்கும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

இந்தத் தியானத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போன மாதம் கேட்டிருந்தால் நான்கரை என்றிருப்பேன். தோழியின் குரலைக் கேட்ட பிறகு, இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளையும் யாராவது முதல் நாளே அந்தச் சுவரில் கொண்டுபோய் மோதவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அவளுக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்: இப்போது வகுப்பில் சேராதே. தூக்கமும் சாப்பாடும் நின்றுபோயிருந்தால் முதலில் பாலிகிளினிக்குப் (அரசு மருந்தகம்) போ, நடு இரவில் தாங்க முடியாவிட்டால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767க்கு அழை, இல்லை என்னை அழை. சனிக்கிழமை தாய் ஜின் ரோட்டுக்கு வா, சும்மா உட்கார்ந்திருப்போம், அப்புறம் பக்கத்தில் வாம்போ உணவங்காடியில் சாப்பிடலாம்.

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றாள். அவள் அழுதால் அழட்டும், மூச்சைக் கவனி என்றுகூட நான் சொல்லப் போவதில்லை.