மதுரை கோர்ட் பக்கத்துப் பத்திர அலுவலகம்: உயிலுக்குப் போகலாம், பவருக்கு யோசிக்கணும்

மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே உள்ள இந்தச் சிறிய அலுவலகத்தில் உயில் வேலை சுத்தம். பட்டா, மூலப்பத்திரம் (சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) மூன்றையும் வாங்கிப் பார்த்து, சர்வே எண்ணும் நான்கெல்லையும் ஒத்துப்போன பிறகே எழுத உட்காருகிறார்கள். மேலூர்ப் பக்கத்து வயல்களில் உட்பிரிவு எண் மாறியிருப்பது சகஜம். பழைய எண்ணிலேயே எழுதினால் பின்னால் பட்டா மாற்றும்போது இழுபறிதான்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை என்று மறைக்காமல் சொல்கிறார்கள். பாராட்ட வேண்டிய நேர்மை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாகக் கேட்கிறார்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருந்து கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டுமே!

குறை பவர் பத்திரத்தில், அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில். எழுதிக்கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதை அவர்களாகச் சொல்வதில்லை. உயிலுக்குப் பதில் பவர் போதும் என்று நினைத்து வருகிற பெரியவர்களுக்கு இதை முதலிலேயே விளக்கியாக வேண்டும். செட்டில்மென்ட் (உயிரோடிருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் உரிமை உடனே கைமாறும், உயிலையோ எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எப்போதும் மாற்றலாம் என்பதையும் நீங்களே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். டிரஸ்ட் பத்திரத்துக்கு வக்கீலிடமே போங்கள்.